குழந்தைவேல் அண்ணனின் படம் அந்தக் காரில் ஏறாது

மேடையில் நடுநாயகமாக வீற்றிருக்கும் ஏற்காடு வாகனப் பழுதுபார்ப்போர் சங்கத் தலைவர் திரு. பழனிசாமி அவர்களே! அவருக்கு வலப்பக்கம், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அமர்ந்திருக்கும் பழைய கார் கழகத் தலைவர், எஸ்டேட் உரிமையாளர் திரு. ஆசிர் அவர்களே! கீழே முதல் வரிசையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஆராயி அண்ணி அவர்களே! கடையை மூடிவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே! குப்பனூரிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் சொந்தபந்தங்களே! பஸ் நிலையத்துக்கு எதிரே உதிரிபாகக் கடை வைத்திருப்பவளும், இந்தச் சங்கத்தின் பொருளாளருமான கலாவதியின் வணக்கம்.

எனக்கு முன்னால் ஏழு பேர் பேசினார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். 'வெல்டிங் வேந்தர்' என்றார் ஒருவர். 'இரும்பின் இதயம் அறிந்த இமயம்' என்றார் இன்னொருவர். பின்னால் தொங்கும் பிளெக்ஸைத் திரும்பிப் பாருங்கள். அண்ணனுக்கு யாரோ கோட்டும் டையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள். குழந்தைவேல் அண்ணன் கோட்டுப் போட்டு யாராவது பார்த்ததுண்டா? காக்கிச் சட்டையோடு ஒரு படம் உங்களுக்குக் கிடைக்கவில்லையா? கிடைத்திருக்கும். மேடைக்கு எடுப்பாக இருக்காது என்று ஒதுக்கியிருப்பீர்கள். மேலே பூசுவது நமக்குப் பழகிப்போன வேலை!

அவர் இனிமையாகப் பழகுவார் என்று மூன்று பேர் சொன்னார்கள். பச்சைப் பொய். வாயைத் திறந்தால் வசவுதான். ஐப்பசி மழையில் குப்பனூர் ரோட்டில், எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போன ஜீப்பை மறித்து அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பின் ஸ்பிரிங் பட்டையைச் சக்கர அச்சோடு பிடிக்கும் கிளாம்ப் விண்டிருக்கிறது, வெல்டு வைக்காமல் வண்டி நகராது என்றார். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் கத்தினார். பதினான்கு பெண்கள் நனைந்துகொண்டே நடந்தார்கள், வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஐந்து பேர் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறார்கள்! அதைச் சொன்னாரா இந்த ஏழு பேரில் ஒருவராவது?

தலைவர் மணியை அடிக்கிறார். அடியுங்கள். இன்று நான் பேசி முடித்துத்தான் இறங்குவேன். தம்பி வசந்த், மைக் ஒயரில் இருந்து கையை எடுப்பா.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. அறுபது வருஷத்துக்கு முந்தைய சீமைக் கார். ஆசிர் அவர்களின் தாத்தா வாங்கியது. கூட்டம் முடிந்ததும் அண்ணனின் படத்தை அதில் வைத்து, ஆராயி அண்ணியைப் பின் சீட்டில் உட்காரவைத்து, இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, அடிவாரத்தில் சங்கத்தின் கிளைக் கட்டடத்தில் படத்தை மாட்டப் போகிறோம் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். என்ன பெருந்தன்மை! என்ன மரியாதை!

அந்தக் காருக்கு அடியில் சப்-ஃபிரேம் என்று ஒன்று உண்டு. மெக்கானிக் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பின் சக்கரம் இரண்டையும் காரின் உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் இரும்புச் சட்டம் அது. உள்ளே கூடாக இருக்கும். கூட்டுக்குள் தண்ணீர் போனால் வடிவதற்குக் கீழே சின்னச் சின்ன ஓட்டைகள் வைத்திருப்பார்கள். நம் எஸ்டேட் துரை என்ன செய்தார்? தினமும் காலையில் அந்தக் காரை மேலும் கீழும் பைப் போட்டுக் கழுவச் சொன்னார். மூட்டமோ மழையோ, தினமும்! ஏற்காட்டில் மார்கழியில் துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. இரும்புக் கூடு காயுமா? அதுவும் போதாதென்று, எலி போகிறது என்று சொல்லி அந்த ஓட்டைகளை எல்லாம் தார் வைத்து அடைத்தார். அந்தத் தார் டின்னை விற்றவள் நான்தான். எதற்கு என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்காமல் விற்றவளை என்ன சொல்வது? நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

போன வருஷம் கோடை விழாக் கண்காட்சிக்கு முன்னால் கார் அண்ணனிடம் வந்தது. நானும் அங்கே இருந்தேன். அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. எழுந்து வந்து சொன்னார்:

"ஏனுங்க, சட்டம் நொம்பப் போயிருச்சுங்க. ஒட்டுப் போட்டா நிக்காதுங்க. கழட்டிப்போட்டு புதுசு மாட்டோணும். ரெண்டு மூணு மாசம் ஆகுமுங்க."

ஆசிர் அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார். "கண்காட்சி அடுத்த வாரம், குழந்தைவேலு. அடியில எவன் பாக்கப் போறான்? கறுப்பா பூசிக் குடு."

"பூசறதுக்கு ஆளு வேணுமுன்னா பெயிண்டரக் கூப்பிடுங்க. காரு ஊட்டுல நிக்கற வரைக்கும் பூச்சு போதும். ரோட்டுல எறங்குனா என்னைய ஆள விடுங்க."

நான்கு நாள் கழித்து கார் வேறெங்கோ போனது, அடிப்பக்கம் பளபளவென்று கறுப்பாகத் திரும்பி வந்தது. கண்காட்சியில் நின்றது. அன்றைக்கு அண்ணன் சலவை வேட்டியோடு வந்தார். நடுவர்கள் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தபோது புல்லில் மல்லாந்து படுத்து காருக்கு அடியில் போனார். பூச்சுக்கு மேலேயே ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். உள்ளே நின்றிருந்த தண்ணீர் செங்கல் நிறத்தில் கொட்டி அவர் மார்பெல்லாம் நனைந்தது. அந்தச் சட்டையோடு எழுந்து நின்று, "பாருங்க சாமி, பாருங்க" என்றார். நடுவர்களில் பெரியவர் என்ன சொன்னார் தெரியுமா? "அடிப்பக்கம் பார்ப்பது விதிமுறையில் இல்லை." சிறந்த பராமரிப்புக்கான முதல் பரிசை அந்தக் காருக்கே கொடுத்தார்கள்! கைதட்டினார்கள்! நம் தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்!

அடுத்த வாரமே சங்கம் கூடியது. 'விருந்தினரை அவமதித்தமைக்காக' அண்ணனை ஆறு மாதம் நீக்கித் தீர்மானம். மேடையில் இருக்கும் சங்கத்தார் ஏழு பேரும் கை தூக்கினார்கள். எட்டாவது கை என்னுடையது. எஸ்டேட் வண்டிகள் எல்லாம் என் கடையில்தான் பொருள் வாங்குகின்றன, அதனால் தூக்கினேன். வேறு காரணம் இல்லை. அண்ணன் என்னைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார், அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வரவே இல்லை. நீக்கிய வாயால்தான் இன்று வேந்தர் என்கிறோம். வெட்கம் இருக்கிறதா நமக்கு?

தை பிறந்த மூன்றாம் நாள், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதற்கு முந்தைய எட்டு மாதம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இங்கே யாருக்காவது தெரியுமா? கார் தன்னிடம் இருந்த நான்கு நாளில், சிமெண்ட் மூட்டைக் காகிதத்தைச் சட்டத்தில் ஒட்டி ஒட்டி அளவு வெட்டி வைத்திருக்கிறார். அதை வைத்து, தகடு வளைத்து, முழுசாகப் புது சப்-ஃபிரேம் ஒன்று செய்து முடித்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை. மார்கழியில் போய்ப் பார்த்தேன். "உங்களைத் தூக்கிப்போட்ட ஆளோட காருக்கா அண்ணா?" என்று கேட்டேன்.

"காரு என்ன பண்ணுச்சு கண்ணு? என்னைக்காச்சும் அதுல யாராச்சும் கீழ எறங்குவாங்கல்ல."

இதுதான் குழந்தைவேல். கோட்டுப் போடாத குழந்தைவேல்!

ஆசிர் அவர்கள் கெட்டவர் என்று நான் நினைத்ததில்லை. கெட்டவராக இருப்பதற்குக்கூடக் கொஞ்சம் யோசிக்க வேண்டுமே. கறுப்புப் பூச்சைப் பார்த்து இரும்பு என்று நம்பும் மனிதர், போகட்டும் என்றுதான் இருந்தேன். இன்று காலை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இந்தக் காரை ஓட்ட வந்திருக்கும் டிரைவர் யுவராஜ் என் கடைக்கு டீ குடிக்க வந்தான். முகமே சரியில்லை. என்னடா என்றேன்.

"அக்கா, மொதலாளி சொன்னாருங்க. ஸ்பீடு இருபதுக்கு மேல போகாத, பின்னால கடகடன்னு சத்தம் வந்தா ஓரங்கட்டிரு, நான் குடும்பத்தோட பின்னாடி நம்ம புது வண்டில வர்றேன்னாருங்க."

கேட்டீர்களா? அவருக்குத் தெரிந்திருக்கிறது! எட்டு மாதமாக அந்தக் காரை அவர் கண்காட்சி மைதானம் தாண்டி ஓட்டவில்லை. சேலத்துக்குப் போக வேண்டுமென்றால் புது வண்டி. அண்ணனின் மனைவி போகத்தான் இந்தக் கார். போட்டோவில் சிவப்பாக விழ வேண்டும், அவ்வளவுதானே? ஆசிர் அவர்களே, எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். உங்கள் மகள் புவனா இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறாள். அவளை அந்தப் பின் சீட்டில் உட்காரவையுங்கள். நீங்களே ஓட்டுங்கள். பத்தாவது வளைவு வரைக்கும் போதும். என்ன சொல்கிறீர்கள்?

சொல்லுங்கள். மைக் வேண்டுமா?

கைக்குட்டையை எடுக்கிறார். காலருக்கு மேலே வியர்க்கிறது. தை மாதக் குளிரில்! இந்த மனிதருக்குத்தான் நாம் எழுந்து நின்றோம், இவருக்காகத்தான் நான் கை தூக்கினேன்.

தோழர்களே! இரங்கல் கூட்டத்தில் கடைசியாக, மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் பேசிய ஏழு பேரும் சொன்னார்கள். நான் சொல்லப் போவதில்லை, வேலை தொடங்கியாகிவிட்டது. நீங்கள் இமயம், வேந்தர் என்று முழங்கிக்கொண்டிருந்த ஒன்றரை மணி நேரத்தில், அண்ணனோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்த சின்னராஜ், வாசலில் அந்தக் காரை ஜாக்கி வைத்துத் தூக்கி, பின் சக்கரம் இரண்டையும் கழற்றிவிட்டார். சக்கரங்கள் என் கடைக்குள் இருக்கின்றன. கடைச் சாவி என்னிடம் இருக்கிறது. அண்ணன் செய்துவைத்த சட்டம் மாட்டாமல் அந்தக் கார் ஏற்காட்டை விட்டு ஓர் அடி நகராது. போலீஸில் சொல்வதானால் சொல்லுங்கள். என்னையும் ஆறு மாதம் நீக்குங்கள். கை தூக்குங்கள், பார்க்கிறேன். ஏன், இன்று ஒரு கையும் எழவில்லையே?

நேற்று ஆராயி அண்ணியிடம் இந்தக் கார் ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். "அவரு வேண்டாம் வேண்டாம்னு சொன்ன காராச்சே கண்ணு. ஏற மாட்டேன்னா பெரியவங்க கோவிச்சுக்குவாங்களா? அவங்க மனசு நோகறாப்புல நான் எப்படிச் சொல்லறது?" ஐயா, இந்த மேடையின் மனசு நோகக் கூடாதென்று, உயிருக்குப் பயந்துகொண்டே அதில் ஏறி உட்காரத் தயாராக இருந்தார்கள். புரிகிறதா? மரியாதைக்காக!

கோபித்துக்கொள்ளட்டும் அண்ணி. எழுந்திரிங்க. படத்தை நான் தூக்கிக்கிறேன். அடிவாரம் போற நாலரை பஸ்ஸுக்கு சின்னராஜ் சீட்டுப் பிடிச்சு வெச்சிருக்கார். வர்றவங்க வரட்டும்.