மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு

அத மட்டும் கீறாதங்க மகள். மற்றதெல்லாம் கீறுங்க, மாத்துங்க, தலைகீழாப் போடுங்க, நான் வாய் திறக்கமாட்டன். மூண்டாம் நாள் மத்தியானச் சாப்பாடு குருக்கள்மடத்துல, எங்கட வீட்டுல. அந்த வரிய அப்பிடியே விடுங்க.

பாசிக்குடாவா? நல்ல இடந்தான், ஆரு இல்லெண்டது. இடுப்பளவு தண்ணியில எவ்வளவு தூரமும் நடக்கலாம். ஆனா அஞ்சாம் நாள் அந்த உல்லாசக் கப்பல் ஏறினீங்கெண்டா மறுகா ஒம்பது நாளைக்குக் கடலத் தவிர என்ன இரிக்கு? திகட்டிப் போயிரும். தரையில நிக்கிற நாலு நாளும் தரையப் பாருங்கவன்.

சரி, சரி. புள்ளைகள் கேட்டா என்ன செய்யிற. இப்பிடிச் செய்வம். முதல் நாள் கட்டுநாயக்காவுல இருந்து நேரா தம்புள்ள. ரெண்டாம் நாள் பொலன்னறுவை பாத்துட்டு இஞ்சால மட்டக்களப்பு. மூண்டாம் நாள் வெள்ளன ஆறு மணிக்கு உங்கள நான் பாசிக்குடாவுல இறக்கிறன். ஆசை தீரக் குளிங்க. பதினொண்டு மணிக்கு வேனுக்குள்ள இரிக்கணும். ஒரு மணிக்கு எங்கட வீடு. கொக்கட்டிச்சோலைக் கோயில பின்னேரத்துக்குத் தள்ளிப் போடுறன். எழுதுங்க.

ஓம், ரெண்டும் ரெண்டு திசைதான். வடக்க போய்த் திரும்பித் தெற்க வரணும். எனக்குத் தெரியாதா? இந்த றோட்டுல முப்பது வருசமா ஓடுறன் மகள். எண்ணெய் என்ட, வேன் என்ட. உங்களுக்கென்ன, ஏசியப் போட்டுட்டு நித்திரை கொள்ளுங்க.

என்னது, கொமிசனா? எங்கட வீட்டுச் சோத்துக்கு எனக்கு ஆரு கொமிசன் தாற? நல்ல கதை. லண்டனுக்குப் போனா மனிசர் இப்பிடித்தான் யோசிப்பாங்களாக்கும். இல்ல, கோவமில்ல. நீங்க கேக்கிறதும் சரிதான். ஒருத்தன் ஒரு சாப்பாட்டுக்கு இந்தப் பாடு பட்டா ஆருக்கும் சந்தேகம் வரும். நான் கொஞ்சம் வாய்க்காரன், குறை நினைக்காதங்க.

மட்டக்களப்பு வாவியில மீன் பாடுறதோ? ஹா! எல்லாரும் கேப்பாங்க. தோணியில போய்த் துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியக் காதுல வெச்சுக் கேக்கணும். கேட்டா ஒரு ர்ர்ர் எண்டு கேக்கும். மீனா, என்ஜினா எண்டு என்னட்டக் கேக்காதங்க. உங்களோட வாற மாமியாருக்கு மீன்தான் எண்டு நான் சத்தியம் பண்ணிக் குடுக்கிறன், போதுமா.

நாலாம் நாள் விடியக் கிளம்பி கொழும்புக்குப் போய்ப் படுக்கிறம். அதுல பேச்சுக்கே இடமில்ல. அஞ்சாம் நாள் விடிய இஞ்ச இருந்து ஓடிப் பிடிக்கலாம் எண்டு நினைக்காதங்க. யானை மறிச்சா, பாலத்துல லொறி நிண்டா, முடிஞ்சுது. அந்தக் கப்பல் ரெண்டு மணிக்கு ஆக்கள் ஏறுறத நிப்பாட்டிப் போடும். நாலு மணிக்கு ஆருக்காகவும் நிக்காது. உங்களுக்கு எந்தத் தட்டுல அறை? ஏழா? நல்லம். ஏழுல ஆட்டம் குறைவு. துவாயால யானை, குரங்கெல்லாம் மடிச்சுக் கட்டிலுல வெச்சிருப்பாங்க, புள்ளைகளுக்குப் பிடிக்கும். அத மடிக்கிற பொடியன்மார் கீழ ரெண்டாந் தட்டுல இரிக்கிறது. யன்னல் இல்லாத அறை, நாலு பேருக்கு ஒண்டு. வெளிக்காத்து வேணுமெண்டா அஞ்சாந் தட்டுக்குப் போய், பின்பக்கம் ஒரு சின்னக் கதவால...

இல்ல, நான் எங்க போன. எனக்குக் குருமண்வெளிப் பாதையில, வாவி கடக்கிற அந்தத் தெப்பத்துல ஏறினாலே வயித்தப் புரட்டும்.

ஆக்கள ஏத்தி இறக்குறதுல தெரியும். கதைப்பாங்கதானே.

நீங்க விடமாட்டீங்க போல. சரி. நீங்க முதன்முதல் போன் எடுக்கக்குள்ள நான் என்ன கேட்டன், ஞாபகம் இரிக்கா? எத்தினை பேர் எண்டு கேக்கல்ல, எந்தத் திகதி எண்டு கேக்கல்ல. எந்தக் கப்பல் எண்டு கேட்டன். நீங்க பேர் சொன்ன பிறகுதான் வாறன் எண்டன். மற்றக் கப்பலுக்குப் போற ஆக்கள நான் எடுக்கிறல்ல.

என்ட மகன் அதுலதான் வேலை. உதயரூபன். துவாய் மடிக்கிறவன். யானை நல்லா வராது, பண்டி மாதிரி இரிக்கும், படம் எடுத்து அனுப்பிச் சிரிப்பான். இருவத்தாறு வயசு.

இல்ல மகள். அவனப் பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க எண்டு கேக்கிறதுக்கில்ல. கொஞ்சம் பொறுங்க, சொல்லுறன்.

அண்டைக்கு எங்கட வீட்டுக்கு வந்தீங்கெண்டா என்ட மனிசி, சீதேவி, இறால் பொரிச்சு, கணவாய் ஆணம் காய்ச்சி, பத்து வகை வெப்பாள். திண்டு முடிய, கையக் கழுவ முந்தி, ஒரு பால்மா டின்னக் கொண்டுவந்து உங்கட கையில தருவாள். உள்ளுக்குப் பலகாரம், அரியதரம். அவளே மா இடிச்சு, அவளே சுட்டது. மகன் அந்தக் கப்பல்லதான், கண்டாக் குடுங்க, சுகமா இரிக்கானா எண்டு பாத்து வாங்க எண்டுவாள். நீங்க ஓம் எண்டு வாங்கணும். அவ்வளவுதான். அதுக்குத்தான் அந்த வரி.

அவன் இல்ல மகள். ரெண்டு வருசம். கொழும்பால வெளிக்கிட்டு அடுத்த நாள் விடியல். கமராவுல அஞ்சே பத்துக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையோட அந்தச் சின்னக் கதவால வெளிய போறான். திரும்பி உள்ளுக்கு வாற படம் இல்ல. ஏழு மணிக்கு வேலைக்கு வரல்லயெண்டு தேடியிருக்காங்க. கம்பனிக் காயிதத்துல காணாமல் போனார் எண்டு இரிக்கு. விழுந்தானா, குதிச்சானா, ஆருக்கும் தெரியா. எனக்கும் தெரியா. நான் இப்பயும் அஞ்சே பத்துக்கு முழிச்சிருவன், மணி அடிக்கத் தேவயில்ல.

காயிதத்த அவளுக்கு வாசிச்சுக் காட்டினன். தூக்கி அடுப்புல போட்டுட்டாள். அவள்ட கூடப்பிறந்த தம்பியையும் தொண்ணூறாம் ஆண்டு பிடிச்சுக்கொண்டு போய், இப்பிடி ஒரு காயிதத்தாலதான் முடிச்சாங்க. மறுகா அவள் காயிதத்த நம்புவாளா? வேலை கூட, போன் எடுக்க நேரமில்ல எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறாள். அவன்ட உடம்பும் கிடைக்கல்ல. எட்டாம் நாள் கிரியையும் செய்யல்ல, முப்பத்தொண்டும் செய்யல்ல. புள்ளைக்கு ஒரு பிடி சோறு படைக்கல்ல நான். அந்த வேதனை எனக்குத்தான் தெரியும்.

போன மார்கழி கனடாக் குடும்பம் ஒண்டு. நல்ல ஆக்கள். டின்ன வாங்கி அவளக் கட்டிப்பிடிச்சு அழுதுங்க. துறைமுகத்துல இறக்கிப்போட்டு வேனக் கூட்டுறன், பின் சீற்றுக்குக் கீழ டின் உருண்டுகொண்டு கிடக்கு. மறந்தாங்களோ, பயந்து விட்டாங்களோ. கொழும்புல இருந்து மட்டக்களப்பு வரைக்கும் எட்டு மணித்தியாலம், ஒவ்வொரு வளைவுக்கும் அது உருளுது. மன்னம்பிட்டியில நிப்பாட்டிட்டன். வெறுமையாக்கி அவளுக்குக் குடுத்திருவம், திண்டுட்டான் எண்டு நினைக்கட்டும் எண்டு மூடியத் திறந்தன். அரியதரத்துல அவள்ட விரல் பதிஞ்ச அடையாளம் அப்பிடியே இரிக்கு. எறியவும் மனம் வரல்ல, வாயில வெக்கவும் ஏலாம போயிட்டு. மூடிட்டன். வீட்டுக்கு வந்தா படலையில நிக்கிறாள். வாங்கிட்டுப் போனாங்களா எண்டு கேட்டாள். ஓம் எண்டன். அந்த டின் இன்னும் வேனுக்குள்ள, ஸ்பெயார் சில்லுக்குப் பக்கத்துல கிடக்கு. மகன் திண்டு முடிச்ச வெறும் டின் எப்ப திரும்பி வரும் எண்டு இன்னும் கேக்கிறாள்.

அழாதங்க மகள். நான் கதைய அழவெக்கச் சொல்லல்ல. போன வெச்சிராதங்க, கொஞ்சம் தண்ணியக் குடிங்க.

பெரிய வேலை இல்ல. ஏறின அடுத்த நாள் விடிய அஞ்சு மணிக்கு எழும்பணும். உங்கட மனிசனையும் கூட்டிக்கொண்டு போங்க, தனியப் போகாதங்க. அஞ்சாந் தட்டு, பின்பக்கம். அந்தக் கதவு பூட்டிக் கிடக்கும், இப்ப பூட்டுறாங்களாம். பக்கத்துல ஆக்கள் நடக்கிற இடம் இரிக்கு, கம்பி உயரம்தான், அங்க நிண்டே செய்யலாம். மூடியத் திறந்து அரியதரத்தக் கையால எடுத்து ஒவ்வொண்டாத் தண்ணியில விடுங்க. பேரச் சொல்லி விடுங்க. உதயரூபன் எண்டு. மந்திரம் ஒண்டும் வேணாம்.

முடிஞ்சதும் எனக்கு ஒரு மெசேஜ், குடுத்தாச்சு எண்டு. அவளுக்கு வாசிச்சுக் காட்டுறன். பொய் இல்லதானே.

ஓமா? வரிய விடுறீங்களா? சந்தோசம் மகள். ஒரு மணி எண்டு எழுதுங்க, ஒண்டரை எண்டு போட்டாச் சோறு ஆறிரும், ஏசுவாள்.

இன்னொண்டு. அரியதரத்த விட்டுட்டு டின்ன மட்டும் எறிஞ்சிராதங்க. கழுவவும் வேணாம். ஒம்பது நாளால கப்பல் திரும்பி வரக்குள்ள நான் துறைமுகக் கேற்றுல நிப்பன். பெட்டிகளப் பிறகு எடுப்பம், முதல்ல டின்னத் தாங்க.