நெல்லைக் காத்தோம், பிள்ளையைப் பார்க்கவில்லை

மணி 4.50. இன்னும் விடியவில்லை. மழை. ஒரு பைக்கில் மூன்று பேர் போகிறோம். என் கணவர் அந்தோணி ஓட்டுகிறார். அவர் முதுகுக்கும் என் நெஞ்சுக்கும் நடுவில் ஜெனி. நான்கு வயது. எங்கள் ஒரே மகள். தார்பாயில் கிழித்த துண்டை அவள்மேல் போர்த்தியிருக்கிறேன். உடம்பு கொதிக்கிறது. திடீரென்று விறைக்கிறது. பல் நறநறவென்று கடிபடுகிறது. இன்ஜின் சத்தத்தை மீறி அது எனக்குக் கேட்கிறது.

"வலிப்பு வந்துருச்சுங்க! நிறுத்துங்க!"

அவர் நிறுத்தவில்லை. நிறுத்தி என்ன செய்வது? இரண்டு பக்கமும் வயல். ஒரு விளக்குக்கூட இல்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போகிறது. அந்தோணி பைக்கை என்மேல் சாய்த்துவிட்டு ஓடுகிறார். "அண்ணே, திறங்கண்ணே! புள்ளைக்கு வலிப்பு!" ரயில் போய்க்கொண்டிருக்கும்போது யார் திறக்க முடியும்? அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கத்துகிறார். நான் பெட்டிகளை எண்ணுகிறேன். முப்பத்தொன்று வரை எண்ணினேன். ஜெனி வாயில் நுரை வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முன்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கினார். "பைக்க அப்படியே போட்டுட்டு ஏறுங்கம்மா! ஏறுங்க!" ஏறினோம். கேட் திறந்தபோது மணி 5.22. அந்த மனிதர் தஞ்சாவூர் வரைக்கும் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் பெயரை நாங்கள் கேட்கவில்லை. 108-ஐக் கூப்பிடலாம் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படித்தவள் நான். பி.எஸ்ஸி. அதையும் எழுதி வைக்கிறேன்.

அது காய்ச்சலின் ஏழாம் நாள். முதல் ஆறு நாளையும் இனிச் சொல்கிறேன். சாக்குச் சொல்ல வரவில்லை.

ஐப்பசி மாதம். குறுவை அறுத்தாகிவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால், ரோட்டோரத்தில், எங்கள் நெல் குவியலாகக் கிடந்தது. எங்களுக்கு முன்னால் இருபது குவியல். டோக்கன் வரிசை வரும்வரை நெல்லை விட்டு நகர முடியாது. வெயில் அடித்தால் தார்பாயை விலக்கிக் கிளறிவிட வேண்டும். தூறல் போட்டால் ஓடிப்போய் மூட வேண்டும். ராத்திரி மாடு வரும், பன்றி வரும். டெல்டாக்காரர்களுக்கு இது புதிதில்லை. சோறு குழம்பைத் தூக்கு வாளியில் எடுத்துக்கொண்டு குடும்பமாக அங்கேயே கிடப்போம். ஜெனியை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவளும் எங்களோடு இருந்தாள்.

குவியலுக்குப் பின்னால் கருவைப் புதர். அதன் அடியில் புல்லும் பழைய வைக்கோலும். அவளுக்கு அதுதான் வீடு, அதுதான் கடை, அதுதான் பள்ளிக்கூடம். மத்தியானம் அங்கேயே தூங்குவாள். வைக்கோலைப் பரப்பிக் கொடுத்ததே நான்தான். பிள்ளைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று.

முதல் நாள், செவ்வாய். நாங்கள் ரோட்டுக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் உடம்பு சுட்டது. மெடிக்கலில் காய்ச்சல் சிரப் வாங்கினோம். மழையில் ஆடினாள், காய்கிறது என்று நினைத்தோம்.

இரண்டாம் நாள் காலையில் வெந்நீரில் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துவிட்டேன். இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, ஒரு கறுப்புப் பொருக்கு. மிளகை நசுக்கி ஒட்டியதைப் போல இருந்தது. சுற்றிலும் சிவப்பு. தொட்டேன். வலிக்கவில்லை என்றாள். கயிறு ஈரத்தில் அறுத்திருக்கிறது என்று முடிவு கட்டினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். கயிற்றை அதன்மேலேயே இறக்கிவிட்டேன். நான் பார்த்தேன். இரண்டாம் நாளே பார்த்தேன்.

அன்று இரவு 1.10. ஒரு அலறல். தார்பாய்க்கு அடியில் படுத்திருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஜெனி நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது. என்னைப் பார்க்கிறாள், என்னைத் தெரியவில்லை. "வண்டி வருது! வண்டி வருது! அம்மா!" நான்தான் அம்மா. என்னையே தள்ளிவிட்டு அம்மாவைத் தேடுகிறாள். "ஜெனி, அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்று விடாமல் கூப்பிட்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. குரல் எப்படியோ உள்ளே போய்ச் சேர்ந்தது. என் மடியில் விழுந்து தூங்கினாள்.

இரண்டு நாள் முன்னால் மூட்டை ஏற்ற வந்த லாரி ஒன்று ரிவர்ஸில் அவளுக்குப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது. எல்லோருக்கும் உடனே காரணம் கிடைத்துவிட்டது. பக்கத்துக் குவியல் ராஜேந்திரன் அண்ணன் சொன்னார். "இது பயந்த கோளாறும்மா. தர்காவுல ஓதிட்டு வந்தா சரியாப் போயிடும்." நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் பக்கத்தில் பிள்ளை பயந்தால் எல்லா வீட்டுக்காரர்களும் தர்காவுக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள்.

மூன்றாம் நாள் போனோம். பெரியவர் ஓதி, தண்ணீர் தெளித்தார். ஒரு கறுப்புக் கயிறு கொடுத்தார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "உடம்பு நெருப்பா இருக்கே. கையோட டாக்டர்ட்டயும் காட்டிருங்கம்மா" என்றார். கயிற்றை வாங்கிக்கொண்டோம். அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தக் கயிற்றையும் இடுப்பில் கட்டினேன். பொருக்கு முழுசாக மறைந்துவிட்டது.

அன்று இரவு 12.35. பிறகு 2.40. பிறகு 4.05. போனைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டேன். ஏன் குறித்தேன் என்று தெரியாது. வேறு எதுவும் செய்யத் தெரியாமல் குறித்தேன்.

நான்காம் நாள் பக்கத்து ஊர் கிளினிக். நாற்பது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் தொண்டையைப் பார்த்தார். நெஞ்சில் வைத்துக் கேட்டார். வைரல் காய்ச்சலாக இருக்கும், குறையவில்லை என்றால் ரத்தம் பார்க்கலாம் என்றார். உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். புண் என்று எனக்குத் தோன்றவில்லை. கயிறு அறுத்த தடம் எப்படிப் புண்ணாகும்? இந்த ஒரு பதிலுக்காக என்னை நானே எத்தனை முறை அறைந்துகொண்டேன் என்று கணக்கில்லை.

ஐந்தாம் நாள் சோறு இறங்கவில்லை. பகலிலும் உளறினாள். தஞ்சாவூர் போய்விடலாமா என்று கேட்டேன். அந்தோணி குவியலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாளைக்கு நம்ம டோக்கன் வந்துடும் மேரி. போட்டுட்டு நேரா தஞ்சாவூர் போயிடலாம்." ஒரு வருடத்துச் சாப்பாடு அந்தக் குவியலில் இருந்தது. நான் சரி என்றேன். அவர்மேல் மட்டும் பழி போட முடியாது. நானும் சரி என்றேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆறாம் நாள் விடாத மழை. எடை போடவில்லை. எங்கள் முறை மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. இரவு முழுக்க தார்பாயின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவர் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். ஜெனி நடுவில், ஒரு சாக்கின்மேல். 3.15க்கு அலறினாள். 3.50க்கு அலறினாள். 4.30க்கு அலறவில்லை. தார்பாயை விட்டேன். "ஏங்க! வண்டியை எடுங்க!"

அப்படித்தான் அந்தக் கேட்டுக்கு வந்தோம்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. 6.05. ஒரு நர்ஸ் கவுனைக் கத்தரித்தார். இரண்டு கயிற்றையும் கத்தரித்தார். கை நின்றது. என்னைப் பார்த்தார்.

"யாரும்மா புள்ளைக்குச் சூடு வச்சது?"

அதற்குள் இளம் டாக்டர் ஒருவர் எட்டிப் பார்த்தார். அவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. "சூடு இல்ல சிஸ்டர்! உண்ணிக் காய்ச்சல்! மருந்த ஏத்துங்க, ஓடுங்க!"

புல்லிலும் வைக்கோலிலும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமாம். அது கடித்த இடம் வலிக்காதாம். கறுப்பாகப் பொருக்குத் தட்டுமாம். முதலிலேயே தெரிந்தால் மாத்திரையிலேயே சரியாகிவிடுமாம். பிள்ளை ராத்திரி அலறியது லாரிக்குப் பயந்து அல்ல, காய்ச்சல் மூளைக்கு ஏறியதால் என்றார்கள். "இது எப்பலேர்ந்தும்மா இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஐந்து இரவு ஐ.சி.யு. வெளியே தரையில் உட்கார்ந்திருக்கிறோம். ஜெபமாலையை எடுத்தால் பாதியில் மறந்துவிடுகிறது. அந்தோணி சுவரில் தலையை மோதுகிறார். ஒருவர் வந்து பிடித்துக்கொள்கிறார். ஆறாம் நாள் ஜெனி கண் விழித்தாள் என்று கூப்பிட்டார்கள். ஓடினோம். அவளுக்கு என்னைத் தெரிந்தது. சிரித்தாள். நான் அழுதுகொண்டே எதையெதையோ பேசினேன். அவள் என் வாயையே பார்த்தாள். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"சத்தமாப் பேசும்மா! ஏன் சும்மா வாய மட்டும் அசைக்கிற?"

காய்ச்சல் காதைத் தாக்கிவிட்டது, கேட்பது திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். பதினொரு மாதம் ஆகிவிட்டது.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். நெல் முளைத்துப் போயிற்று. எத்தனை மூட்டை என்று அந்தோணிக்குத் தெரியும், நான் கேட்பதில்லை. அவர் அந்த ரோடு வழியாகப் போவதில்லை, சுற்றிக்கொண்டு போகிறார். நான் வைக்கோலைத் தொடுவதில்லை. ஜெனிக்கு இடது காதில் ஒன்றுமில்லை. வலது காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் கேட்கிறது. அவள் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. உயிர் போகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். "புள்ள பொழச்சுதே, மாதாவுக்கு நன்றி சொல்லு." சொல்கிறேன். தினமும் சொல்கிறேன்.

காய்ச்சல் போய்விட்டது. அலறல் போகவில்லை. தூங்கும்போது மெஷினைக் கழற்றி வைக்க வேண்டும். நடு இரவில் எழுந்து நிற்கிறாள். அம்மா, அம்மா என்று அலறுகிறாள். கூப்பிட்டால் கேட்காது. இருட்டில் தொட்டால் இன்னும் மிரண்டுபோய் அடிக்கிறாள். விளக்கைப் போட்டுவிட்டு, எங்கள் முகம் தெரியும்படி எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் கண் எங்களைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறது.

நேற்று இரவு 2.20க்குத் தொடங்கியது. பதினாறு நிமிடம். அவ்வளவு நேரமும் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.