மூணாவது மிஸ்டு கால்

"ஹலோ... ஆமா சார், ரோகிணிதான். பாலாநகர் குடோன்... சொல்லுங்க கிருஷ்ணமூர்த்தி சார். உங்க கூடூர் பிராஞ்ச் பக்கம் மழை விட்டுச்சா?... ம்... ம்... ரோடே தெரியலையா?... நல்லவேளை சார், நம்ம வண்டி தப்பிச்சிடுச்சு. டிரைவர் சின்னசாமி அண்ணன் நேத்தே கூடூரைத் தாண்டிட்டாரு."

தீபாவளிச் சேலை எங்கே என்று செகந்திராபாத் கடை முதலாளி காலையிலிருந்து பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். சென்னையிலிருந்து லாரி வந்துகொண்டே இருக்கிறது என்று ரோகிணி சத்தியம் செய்யாத குறைதான்.

"எந்த வண்டி?... இல்ல சார், வேற யாரோடதாவது இருக்கும்... நம்பர் படிங்க... ம்... ஆமா... ஆமா..."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அது எப்படி சார்? நெல்லூர் தாண்டி ஒரு மிஸ்டு கால் வந்துச்சே. அப்புறம் ஓங்கோல், அப்புறம் அத்தங்கி. ஊருக்கு ஒண்ணு, அதானே எங்க ஏற்பாடு... இல்ல, பேசல. ரோமிங்ல அவருக்குக் காசு போகுமேன்னு ரிங் வந்ததும் நானே கட் பண்ணிடுவேன்..."

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. மூன்றும் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தன. புயலுக்குப் பயந்து அண்ணன் விரட்டிக்கொண்டு வருகிறார் என்று நேற்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவி, உதவிக்குக் கூப்பிட்டவரைத்தான் மூன்று தடவையும் துண்டித்திருக்கிறாள்.

"...கூடூரையே தாண்டலையா?... கேபின் வரைக்கும் தண்ணியா... அவரு?... எப்பலேர்ந்து தேடறாங்க?... அவரு போன் உங்க கையிலயா இருக்கு?... சீட்டுக்கு அடியில... சரி... சரி..."

காதுக்குள் டிக், டிக் என்று இன்னொரு அழைப்பு காத்திருந்தது. போனை விலக்கிப் பார்த்தாள். திரையில் 'சின்னசாமி லாரி' என்று பெயர்.

"சார்... அந்த போனை இப்ப யாராவது அமுக்கினாங்களா?... பேட்டரிய கழட்டிட்டீங்களா... சிம்மும் அதுலயேதான் இருக்கா?... பாத்துச் சொல்லுங்க சார், நல்லா பாத்துச் சொல்லுங்க..."

ஒரு ரிங்கோடு நிற்க வேண்டிய அழைப்பு நிற்கவில்லை. பழக்கதோஷத்தில் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் பக்கம் போனது. ஆனாலும் நாலாவது தடவையும் துண்டிக்க மனசு வரவில்லை.

"சார், வச்சிடறேன்."

பச்சையை அமுக்கினாள்.

"ஹலோ... அண்ணே... எடுத்துட்டேன்ணே. இந்தத் தடவை எடுத்துட்டேன்... கேக்குது, மழைச் சத்தந்தான் கேக்குது... எங்கண்ணே இருக்கீங்க?... ம்..."

வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"...அத்தங்கியும் தாண்டிட்டீங்களா... சரிண்ணே... இல்ல, கடையில யாரும் திட்டல... அவசரமே இல்லண்ணே, மெதுவா வாங்க... கேட்டைத் தொறந்தே வைக்கறேன்... அண்ணே?... ஹலோ?... ஹலோ..."