தனசிங் சொன்ன ஆமென்

சோதனையைப் பத்திப் பேசச் சொல்லி நம்ம சபை ஐயர் என்னை இங்கே நிறுத்திட்டார். வேதத்தைக் கரைச்சுக் குடிச்சவங்க முன்வரிசையில உட்கார்ந்திருக்கீங்க. நான் கருப்பட்டி வியாபாரி. எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு சங்கதி. அதுவும் என் மானம் போன சங்கதி. சின்னதுதான்... சொல்லிடுறேன், கேளுங்க.

பதனீர் எப்போ இறங்கும்? பங்குனியில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும். இழுத்துப் பிடிச்சா புரட்டாசி. அப்போ டிசம்பர் மாசம் புதுக் கருப்பட்டி எங்கேயிருந்து வரும்? வராது. இது எனக்குத் தெரியுமா? முப்பத்தோரு வருஷமாத் தெரியும்.

ஒரு வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கு. வீட்டுக்கு வீடு முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குக் கருப்பட்டி வாங்குற நேரம். என் கிட்டங்கியில சரக்கு தீர்ந்துபோச்சு. எதிர்க்கடையில இருக்கு. வருஷக்கணக்கா என்கிட்ட வாங்கினவங்க, என் கண்ணு முன்னாலேயே ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறாங்க. போனவங்க திரும்பி வருவாங்களா? அதுதான் பயம்.

அப்போ வர்றார் தனசிங். கடை கடையா கருப்பட்டி போடுறவர், பக்கத்துச் சபைக்காரர். வாசல்ல லோடு ஆட்டோ நிக்குது. நாற்பது சிப்பம்.

"ஸ்தோத்திரம் அண்ணாச்சி! நேத்துக் காய்ச்சினது. சுத்தமான சரக்கு."

"டிசம்பர்ல எந்தப் பனைய்யா உமக்குப் பதனீர் கொடுத்துச்சு?"

"எல்லாம் கர்த்தருடைய கிருபை அண்ணாச்சி."

ஒரு கருப்பட்டி வட்டை எடுத்து உடைச்சேன். உள்ளே பளபளன்னு மின்னுச்சு. நல்ல கருப்பட்டி உடைச்ச இடத்துல மின்னாது. மின்னினா சீனி.

"எவ்வளவு கலந்திருக்கீரு?"

"ஐயையோ! ஒரு சிட்டிகை கிடையாது. என் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"பிள்ளைங்களை விடும்."

அந்த நிமிஷமே அனுப்பியிருக்கணும். அனுப்பினேனா? "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்"னு சொன்னேன். நம்ம ஆட்களுக்கு இந்த வார்த்தை எவ்வளவு சௌகரியம் பாருங்க! மாட்டேன்னும் இல்லை, சரின்னும் இல்லை. கேக்குறவனுக்கும் மரியாதையா இருக்கும்.

மேசையில வேத வசன அட்டை போட்ட வாக்குத்தத்தப் பெட்டி இருக்கு. கண்ணை மூடி ஒரு அட்டை எடுத்தேன். ஆசீர்வாதம்னு வந்துச்சு. சந்தேகம் இருக்கக் கூடாதுல்ல? இன்னொண்ணு எடுத்தேன். பயப்படாதேன்னு வந்துச்சு. மூணாவது, செழிப்பு. இதுக்கு மேல ஆண்டவர் என்ன சொல்லணும்? "தனசிங், இறக்கும்"னு சொல்ல வாயைத் திறந்தேன்.

கல்லாவில என் வீட்டுக்காரி எமரால்டு உட்கார்ந்திருந்தா. "ஏங்க... அந்தப் பெட்டியில 'வேண்டாம்'னு ஒரு அட்டை இருக்கா?"

கொட்டிப் பார்த்தேன். இருநூறு அட்டை. ஒண்ணுகூட இல்லை. எப்படி இருக்கும்? அச்சடிக்கிறவனும் வியாபாரிதானே? விக்கிறதைத்தான் அடிப்பான்.

"ஜெபம் பண்றேன்னு அவர்கிட்டச் சொன்னீங்கல்ல, பண்ணுங்க. சத்தமாப் பண்ணுங்க. என்ன சரக்குன்னு சொல்லிப் பண்ணுங்க."

"கடையில வச்சா?"

"வாங்கப் போறது கடையிலதானே?"

முழங்கால் போட்டேன். நம்ம பழக்கம் உங்களுக்குத் தெரியும்... ஒருத்தர் ஜெபம்னு ஆரம்பிச்சா, பக்கத்துல நிக்கிறவர் எதுக்கு என்னன்னு கேக்க மாட்டார். தனசிங்கும் தலையில கட்டியிருந்த துண்டை அவிழ்த்துட்டு என் பக்கத்துல முழங்கால் போட்டார்.

"அன்பின் பரலோக பிதாவே..."

"ஆமென்"னார்.

"இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்."

"ஆமென்."

"தனசிங்கை பத்திரமாக் கொண்டுவந்து சேர்த்தீரே."

"ஆமென், ஆமென்."

அதுக்கு மேல வரலை. மூணு தடவை "இந்தக் கருப்பட்டியை"ன்னு ஆரம்பிக்கிறேன், நாக்கு புரள மாட்டேங்குது. மனுஷன்கிட்ட சீனியைக் கருப்பட்டின்னு சொல்லலாம். சொல்லியிருக்கோம். எல்லாம் தெரிஞ்சவர்கிட்ட எப்படிச் சொல்றது? கடைசியில உண்மையைப் போட்டு உடைச்சுட்டேன்.

"ஆண்டவரே, இதுல முக்கால் பங்கு சீனி. அது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இந்தத் தனசிங்குக்கும் தெரியும்."

"ஆமென்!"னார் தனசிங். நல்லா வாய் நிறைய.

நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவரும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"பழக்கதோஷம் அண்ணாச்சி"ன்னார். கொஞ்சம் பொறுத்து, "முக்கால் இல்லை... பாதிதான்."

ஆரம்பிச்ச ஜெபத்தை முடிக்கணுமே? திரும்பக் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இவ்வளவு தெரிஞ்ச பிறகும் வாங்கத்தான் ஆசையா இருக்கு. ரொம்ப ஆசையா இருக்கு. என்னால முடியாது. வாங்கவிடாம என்னைப் பிடிச்சுக்கொள்ளும்." இந்தத் தடவை ஆமென் சொன்னது எமரால்டு.

ஆட்டோ வந்த வழியே போயிடுச்சு. நான் ஒரு அட்டையில 'கருப்பட்டி இல்லை'ன்னு எழுதி வாசல்ல தொங்கவிட்டேன்.

இப்போ நீங்க எதிர்பார்க்கிறது தெரியுது. அடுத்த வாரமே ஆண்டவர் ரெண்டு மடங்காக் கொடுத்தார்னு சாட்சி சொல்லுவேன்னு பார்க்கிறீங்க. கொடுக்கலை. அந்தக் கிறிஸ்துமஸ் வியாபாரம் போனது போனதுதான். போனவங்கள்ல பாதிப் பேர் இன்னைக்கும் எதிர்க்கடையிலதான் வாங்குறாங்க. ஆனா, பிள்ளை பெத்த பொண்ணுக்கு மருந்துக்குன்னு கருப்பட்டி கேட்டு யாராவது வந்தா, அவங்க முகத்தைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறேன். எனக்கு மிஞ்சினது அதுதான். போதும்.

அப்போ நான் என்னய்யா சொல்ல வர்றேன்? சோதனை கொம்பு வச்சுக்கிட்டு வராது. ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டுத்தான் வரும். அது வரும்போது "வழிநடத்தும் ஆண்டவரே"ன்னு பொத்தாம்பொதுவா ஜெபிக்காதீங்க. அது நாம தப்பிச்சுப் போக நாமே வச்சுக்கிற சந்து. லஞ்சமா? லஞ்சம்னே சொல்லுங்க. அடுத்தவன் பொண்டாட்டியா? மெதுவாச் சொல்லுங்க... ஆனா சொல்லுங்க. ஆசையா இருக்குன்னும் சொல்லுங்க, அவர் ஒண்ணும் அதிர்ச்சி ஆகிட மாட்டார். என்னைப் பிடிச்சுக்கொள்ளும்னு கேளுங்க. நம்ம பலத்துல நாம நிக்கலை, அவர் பிடியில நிக்கிறோம். எனக்குத் தெரிஞ்ச விசுவாசம் இவ்வளவுதான்.

அவர் முன்னால அதோட பேரைச் சொல்ல வாய் வரலையா?

பதில் வந்தாச்சு. எழுந்திரிச்சு வந்த ஆளைத் திருப்பி அனுப்புங்க.