மரம் அடுக்கிய சுவர்

ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பேருந்து ஏறி, படிக்கலாம் என்று புத்தகத்தை விரித்தேன். முன் இருக்கையில் இருந்தவர் பக்கத்து இளைஞனிடம் சொன்னார்:

"மாப்ள, உங்கக்கா அடுப்படிக்குள்ள என் போல்ட்டு அஞ்சும் எட்டிப் பாக்குது."

புத்தகத்தை மூடிவிட்டேன்.

"எப்படி மச்சான்?"

"பின்னறையில மரவேலை பாக்குறேன்ல, அதுக்கும் அடுப்படிக்கும் ஒரே சுவருதான். பலகை அடுக்கச் சுவத்துல ரேக்கு மாட்டுனேன். போல்ட்டு நீளமாப் போச்சு."

"எம்புட்டு நீளம்?"

"ஒரு சாண்."

இளைஞன் சிரிப்பை அடக்க முடியாமல் முன்னால் இருந்த கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டான்.

"சிரிக்காதடா. இன்னைக்கே ரேக்கைக் கழட்டணுமாம். இல்லன்னா பலகையெல்லாம் தெருவுக்குப் போயிருமாம். தரையில போட்டா ஈரம் ஏறி வளைஞ்சு போகாதா? அம்புட்டும் தேக்குடா!"

"அக்காட்ட நான் பேசவா?"

"நீயா? உன்னையும் சேத்துல்ல வெரட்டுவா."

அவருடைய போன் அடித்தது. மனைவிதான். பயத்திலோ என்னவோ, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். பேருந்தே கேட்டது.

"என்னங்க, ரேக்கைக் கழட்ட வேணாம். கரண்டி, வடிதட்டு, தோசைக்கல்லு எல்லாத்தையும் உங்க போல்ட்டுல மாட்டிட்டேன். அம்புட்டு வசதியா இருக்கு!"

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "கேட்டியா மாப்ள! பொழைச்சுச்சுடா என் ரேக்கு!"

"இருங்க, இன்னும் சொல்லி முடிக்கல. வாணலிக்கு இடம் பத்தலையா, உங்க டிரில்லை எடுத்து போல்ட்டுக்குப் பக்கத்துலயே நானே ஒரு ஓட்டை போட்டேன். அந்தப் பக்கம் என்னமோ தடதடன்னு சரிஞ்சு விழுந்துச்சு. சீக்கிரம் வந்து பாருங்க."