ஷம்சாத்துக்கு மறதி

— அஞ்சு வார்த்தை ஜாஸ்திம்மா ஹில்டா. மூணு போட்டுக்குங்க. எம் பொண்டாட்டி தாங்க மாட்டா.

— கலீல் பாய், இது உங்க அரிசிக்கடை இல்ல, ஞாபக சோதனை. குறைக்க முடியாது.

— சரி, நாலு. உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்.

— ஏங்க, அந்தப் பொண்ணை வேலை செய்ய விடுங்க. நீ கேளும்மா.

— ஷம்சாத் அக்கா, கொஞ்ச நேரம் முன்னாடி அஞ்சு வார்த்தை சொன்னேனே. ஞாபகம் வர்றதைச் சொல்லுங்க.

— ஒண்ணும் வரலையேம்மா.

— பாத்துக்குங்க! இவ போன்ல ஆர்டரை மாத்தி வாங்கி, பொழிச்சலூர் நிக்காஹ்வுக்குப் போக வேண்டிய சீரகச் சம்பா சிங்கப்பெருமாள் கோவில் கம்பெனி கேன்டீன்ல போய் இறங்கிடுச்சு. அங்க இட்லி அரிசி கேட்டவனுக்குப் பிரியாணி அரிசி. இங்க மாப்பிள்ளை வீட்டுச் சமையல் பண்டாரி அண்டாவைக் காய வெச்சுக்கிட்டு இட்லி அரிசி மூட்டையை வெறிச்சுப் பாக்கறான். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்கே ஒரு வாரம் அதான் தமாஷு. பெரிய பேஜாராப் போச்சு.

— ஆமா, எம் புத்திதான் அப்படிக் கெட்டுக் கெடக்கு.

— இருக்கட்டும்க்கா. இப்ப ரெண்டு ரெண்டாச் சொல்றேன். அதுல நான் முன்னாடி சொன்னது எதுன்னு மட்டும் சொல்லுங்க. குடையா, செருப்பா?

— செருப்பு.

— கொய்யாவா, சப்போட்டாவா?

— சப்போட்டா.

— ரயிலா, கப்பலா?

— கப்பல்.

— ஜமுக்காளமா, தலகாணியா?

— தலகாணிதான்.

— மேளமா, புல்லாங்குழலா?

— புல்லாங்குழல்.

— என்னம்மா, ஒண்ணாவது தேறிச்சா?

— இன்னும் முடியல பாய். கூட இருக்கிற ஆள்கிட்டயும் சிலது கேட்டுக்கணும். அக்காவுக்கு இது எப்ப ஆரம்பிச்சுது?

— நீங்க பாத்துட்டீங்கல்ல, எப்ப ஆரம்பிச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?

— நான் இன்னிக்குத்தானே வந்தேன். சரி, அக்காகிட்ட வீட்டு விஷயம் கேக்கணும், அதுக்குச் சரியான பதில் முதல்ல உங்ககிட்ட வாங்கிக்கணும். உங்க கடைசிப் பேரன் பேரு?

— அதை அவளைக் கேளுங்க. சோதனை அவளுக்குத்தானே?

— அவங்க சொன்னா சரியான்னு பாக்கத்தான்...

— முதல்ல அவ சொல்லட்டும், அப்புறம் நான்...

— அசார். அசாரும்மா. எங்க பொண்ணு ஷபீனாவோட சின்னவன்.

— ஆங், அசாரு! பாத்தீங்களா, பேரன்னா மட்டும் டக்குனு வந்துடுது. அது கெடக்கட்டும், விஷயத்துக்கு வாங்க. எத்தனையோ ஜனம் இருக்க, எங்க ஆளுங்களை ஏன் தேடி வர்றீங்க?

— எங்க மறதி ஆராய்ச்சிக்கு இதுவரைக்கும் பேர் கொடுத்தவங்க எல்லாம் காலனியில இருக்கிற ரிட்டயர்டு ஆபீசர், டீச்சர். பெரும்பாக்கம் குடிசை மாத்துக் குடியிருப்புலேருந்து ஒருத்தர் இல்ல. கடை வெச்சிருக்கிற பாய்மாருங்க வீட்டுலேருந்து ஒருத்தர் இல்ல. அவங்களை மட்டும் பாத்துட்டு மறதி இப்படித்தான் வரும், இந்த மருந்துதான் கேக்கும்னு எழுதிட்டா, உங்களுக்குக் கேக்குமா?

— கேக்காது. லாரி பூரா மூட்டை இருக்க, ஒரே மூட்டையில குத்தூசியை விட்டுப் பாத்துட்டு சரக்கு ஒசத்தின்னு சொன்ன மாதிரி.

— அப்படியே அதான் பாய்! ஆனா போற வீட்ல எல்லாம், எங்க வீட்ல அப்படி யாரும் இல்லன்னு கதவைச் சாத்தறாங்க. ஒரு வீடு வெளிய வந்தா போதும், பின்னாலேயே மத்தவங்க வருவாங்க.

— கவலைய விடுங்க. நம்ம வூட்டு அம்மாவையே கொடுத்துட்டேன், வேற யாரு இப்படிக் கொடுப்பான்? பாங்கு சொல்றாங்க, நான் போய் அஸர் தொழுதுட்டு அங்கயே நம்மாளுங்ககிட்ட ஒரு வார்த்தை போட்டுட்டு வரேன். டீ குடிங்க. ஷம்சு, டீயில சர்க்கரை போட மறந்துடாதே!

— போய்ட்டு வாங்க. செருப்பைப் பாத்து மாட்டிக்குங்க.

— அக்கா. அவர் போய்ட்டாரு.

— ம்.

— நிஜமாவே மறந்தவங்க குருட்டாம்போக்குல சொன்னாக்கூட ஒண்ணு ரெண்டு சரியா விழும். நீங்க ஒண்ணைக்கூட விடாம தப்பாச் சொன்னீங்க. அப்படிச் சொல்லணும்னா அஞ்சும் ஞாபகத்துல இருக்கணும்.

— டீ ஆறுதும்மா.

— கடை போனை நீங்களா எடுக்கறீங்க?

— நான் எங்க எடுக்கறேன்? எனக்கு அதைத் தொறக்கவே தெரியாது.

— அப்ப சீரகச் சம்பா?

— ...குடை, கொய்யா, ரயில், ஜமுக்காளம், மேளம். போதுமா? வெளிய சொல்லிடாதே, உனக்குப் புண்ணியமாப் போவும்.

— ஏங்க்கா இப்படி?

— அவர் வியாபாரம் பூரா வாய்ச்சொல்லும்மா. மில்லுக்காரன் இவர் சொன்னா அனுப்பறான், லாரிக்காரன் இவர் சொன்ன இடத்துல இறக்கறான். எனக்கு மறதின்னா ஊரு சிரிக்கும், அவ்ளோதான். அவருக்கு மறதின்னு தெரிஞ்சா நாளைக்கே ஒரு மூட்டை வராது.

— எப்பலேருந்து கவனிச்சீங்க?

— பேரம் பேசும்போது எதிராளியைத்தான் முதல்ல விலை சொல்ல விடுவாரு, அது அவர் தொழில். இப்ப எல்லாத்துக்கும் அதே. இன்னிக்கு என்ன கிழமைன்னா, நீ என்ன கிழமைன்னு நினைக்கிறேங்கறாரு. நேத்து மார்க்கெட்டுக்குப் போற வழியை ஆட்டோக்காரன்கிட்டயே பேரம் பேசி வாங்கறாரு. ஊர்ல எல்லாரும் பாய் கெட்டிக்காரருங்கறாங்க. தெரியாமத்தான் கேக்கறாருன்னு எனக்குத்தானே தெரியும்.

— அதுக்காக உங்க பேரைக் கொடுத்தீங்களா?

— கூட ஒரு ஆள் இருக்கணும், அவரையும் கேள்வி கேப்போம்னு சொன்னியே. அப்படியாவது ஒரு டாக்டர் கண்ணுல அவர் படட்டும்னுதான். நான் கண்டுபிடிச்சது அவருக்குத் தெரியக் கூடாது, தெரிஞ்சா ஒடிஞ்சு போய்டுவாரு.

— அவரே சம்மதிக்காம அவரைச் சேர்க்க முடியாதுக்கா. நல்லா இருக்கிற உங்களை மறதிக்காரின்னு எழுதறதும் முடியாது.

— ஊரே எழுதிடுச்சு. நீ மட்டும் எழுத மாட்டியாக்கும்? போன வாரம் ஒரு கல்யாண வலீமா விருந்துல எம் பக்கத்துல கொழந்தையை விட மாட்டேன்னுட்டாங்க, எங்கயாவது விட்டுட்டுப் போய்டுவேனாம். சிரிச்சுக்கிட்டேதான் உக்காந்திருந்தேன். வூட்டுக்கு வந்து... விடு, அவர் வர்ற சத்தம் கேக்குது.

— அஸ்ஸலாமு அலைக்கும். ஷம்சு, போய்த் தொழு, நேரம் போவுது.

— வ அலைக்குமுஸ்ஸலாம். தோ, போறேன். ஹில்டா, இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போவணும்.

— கதவைச் சாத்திக்கிட்டாளா? ம். சொல்லுங்கம்மா, அவளை எடுத்துக்கிட்டீங்களா?

— இல்ல பாய். அக்கா... ஆராய்ச்சிக்குத் தோதுப்பட மாட்டாங்க.

— சுத்தி வளைக்காதீங்க. அவ நல்லாத்தான் கீறா. எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— சம்பா லோடை மாத்திச் சொன்னது நான். அவ குறுக்க வந்து பழியை எடுத்துக்கிட்டா. அது எனக்குத் தெரியாதுன்னு அவ நினைச்சுக்கிட்டா, நானும் அப்படியே விட்டுட்டேன். எம் பேரை எழுதிக்குங்க. ஆனா அவளுக்குச் சொல்ல வேணாம்.

— உங்களுக்காகத்தான் இத்தனையும் தாங்கறாங்க. அவங்ககிட்டப் போய் மறைக்கிறதா?

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்லுவேன்? இப்ப பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் உடைச்சுடணும்னுதாம்மா எழுந்து போனேன். மறதி அவளுக்கு இல்ல, எனக்குன்னு.

— சொன்னீங்களா?

— தொழுகை முடிஞ்சு வாயைத் தொறக்கறேன், அதுக்குள்ள இமாம் கையைப் புடிச்சுக்கிட்டு, வீட்ல எப்படி இருக்காங்க பாய்னாரு. மார்க்கெட் ஆளுங்க அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாக்கறாங்க.

— என்ன சொன்னீங்க பாய்?

— அவளுக்காக துஆ கேளுங்கன்னேன். மொத்த ஜமாஅத்தும் கையேந்தி அவ மறதி குணமாகணும்னு கேட்டுச்சு. எல்லாரையும்விட சத்தமா ஆமீன் சொன்னது நான்.