எண்பத்து மூன்றாவது கிலோமீட்டர் வளைவின் காவலருக்கு

ஆற்றோடு வளைந்து, மலையோடு நெளிந்து, நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடும் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையை முப்பத்து நான்கு ஆண்டுகள் காலால் அளந்த கண்ணியமிக்கவரே! சாலை ஆய்வாளர் பதவிக்கே சான்றாய் நின்ற சான்றோரே! இரும்புக் கம்பியின்றித் தங்களைக் கண்டவர் எவருமில்லை என்பதால், ஓட்டுநர் முதல் ஓடக்காரர் வரை 'கம்பி ஐயா' என்றழைக்கும் அன்பரே! வணங்குகிறோம்.

தாங்கள் ஜீப்பில் போன தூரத்தைவிட இறங்கி நடந்த தூரமே அதிகம் என்பார் நம் ஜீப் ஓட்டுநர். அதில் அவருக்கு வருத்தமொன்றும் இல்லை. கம்பியால் சாலையோரத்தைத் தட்டித் தட்டி, அடியில் மண் இருக்கிறதா, ஆறு அரித்துவிட்டதா என்று ஓசையிலேயே அறிவீர்கள். விரிசல் கண்டால் உடனே மூட விடமாட்டீர்கள். இரு முனையிலும் சுண்ணாம்பால் கோடிட்டு, தேதி எழுதி, வளர்கிறதா என்று வாரந்தோறும் பார்ப்பீர்கள். பயந்தாங்கொள்ளி என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். பொறுத்தருள்க.

இன்னொன்றையும் தங்கள் பணி ஓய்வுக்குக் கூடிய இந்த அவையில் சொல்லியாக வேண்டும். சென்ற ஆண்டு மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்றதும், தாங்கள் விடுப்பிலிருந்த இரண்டு நாளில், எண்பத்து மூன்றாவது கிலோமீட்டர் வளைவின் விரிசலைத் தாரூற்றி மூடி, சுண்ணாம்புக் கோட்டையும் அழித்தவர்கள் நாங்கள்தாம். சாலை பளபளத்தது. அதிகாரியும் மெச்சினார்.

மறுவாரம் மழை கொட்டியது. அந்தத் தாரின் மேல் கம்பியைத் தட்டிய தாங்கள் முகம் வெளுத்து நின்றதும், எதிரே வந்த பேருந்தின் முன் இரு கை விரித்துப் பாய்ந்ததும் இன்றும் கண்முன் நிற்கின்றன. பேருந்து ஓட்டுநர் சீறினார்: "உள்ள நாப்பது பேர் இருக்காங்க, வழி விடுங்கய்யா."

"அதுக்குத்தான்பா நிக்கிறேன்" என்றீர்கள்.

கால்மணி நேரத்தில் வளைவு ஆற்றுக்குள் போயிற்று. அறிக்கையில் காரணம் மழை என்று மட்டும் எழுதினீர்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைவிட நாலு அறை கொடுத்திருக்கலாம்.

அன்று பிடித்த பயம் எங்களை விடவில்லை, விடவும் வேண்டாம். திருப்பிக் கட்டிய வளைவிலும் சென்ற மாதம் மயிரிழையாய் ஒரு விரிசல் கண்டிருக்கிறது. இம்முறை மூடவில்லை, கோடிட்டிருக்கிறோம். நாளை முதல் அதைப் பார்க்கத் தாங்கள் வரமாட்டீர்கள்; வாரந்தோறும் நாங்களே போய்ப் பார்ப்போம்.

நோய்நொடி அண்டாமல், அம்மையாரோடும் மக்கட்செல்வங்களோடும், மழை நாளிலும் போர்த்திக்கொண்டு உறங்கும் பேறு பெற்று, பல்லாண்டு வாழ்க!

காலை முதல் மழை விடவில்லை. ஆற்றில் நீர் ஏறுகிறது. இதைக் கேட்கும்போதே தாங்கள் எழப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அமருங்கள், ஐயா. சாலைப் பணியாளர் இருவர் வளைவை மறிக்கப் போயிருக்கிறார்கள். அவர்கள் பெயருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். திரும்பி வந்து கையெழுத்திடுவார்கள்.

தங்கள் அன்பை மறவாத,
பிரிவு அலுவலகப் பணியாளர்கள்
பதின்மூவரில் பதினொருவர்